ரப்பர் கிழிந்த இடம்

மலேசியாவின் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் காலை வெயில் இயந்திரக் கதவின் கண்ணாடியில் மின்னுகிறது. உள்ளே அச்சு அரைவட்டம் சுழல்கிறது; கறுப்பு பிளாஸ்டிக்கின் மேல் ஆரஞ்சு ரப்பர் பாய்ந்து, டிரில்லின் கைப்பிடியாக வெளியே விழுகிறது. புதிதாக இயந்திரம் பழகும் ஜாஹிதா, சூட்டின் அளவைத் தானே அமைத்து எடுத்த முதல் கைப்பிடி ஆறிவிட்டது. ஒட்டியது உறுதியா என்று இழுத்துப் பார்க்கும்போது ரப்பர் தோலாக உரிந்து வந்தால், இயந்திரம் மறுபடி மூத்த தொழிலாளி ரேமண்ட் கைக்குப் போய்விடும். "இழு லா, என்ன பாத்துக்கிட்டே இருக்க?" என்கிறார் அவர். "சும்மா இருங்கண்ணே." குறட்டால் ரப்பர் நுனியைக் கவ்வி இழுக்கிறாள். பட்டென்று ஒரு சத்தம். "அலமாக், பிஞ்சு போச்சு!" "பிஞ்சது ரப்பர்தாண்ணே. ஒட்டுன இடம் விடல, பாருங்க." ரேமண்ட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கிழிந்த ரப்பர் பிளாஸ்டிக்கை விடாமல் பற்றியிருக்கிறது. விளிம்பில் நகத்தை நுழைக்கப் பார்க்கிறார், நகம் வழுக்குகிறது. "எவ்வளவு சூடு வெச்ச?" என்கிறார், குரலைத் தாழ்த்தி.