கூரைத் தண்ணி விழும் இடம்

"டீச்சர், அந்த அன்ரி இண்டைக்கும் வந்து நிக்கிறா," என்று குசுகுசுத்தாள் மின்ஹா.

விறாந்தையில் இங்கிலிஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஸல்ஹா எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு இரத்தினேஸ்வரி, வாப்பாவின் அறை ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில், மதிலில் ஒரு சின்னப் படலை. பின்னேர வகுப்பு தொடங்கினால் போதும், படலையைத் திறந்துகொண்டு மனுசி வந்துவிடும்.

ஸல்ஹாவுக்கு நெஞ்சு எரிந்தது. கத்தாரில் கணவன் நஸ்ரிக்கு வேலை போன கதையை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அவனோடு போனில் கதைத்ததோடு சரி. ஆனாலும் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. எப்படியென்று இப்போதுதான் விளங்கியது.

உம்மா இருந்த காலத்தில் இப்படியா? உம்மாவும் இரத்தினக்காவும் மதிலுக்கு அங்காலயும் இங்காலயும் நின்று கதைக்கத் தொடங்கினால் அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும். நோன்புக் கஞ்சி அந்தப் பக்கம் போகும், பொங்கல் புக்கை இந்தப் பக்கம் வரும். உம்மா மௌத்தான பிறகு அந்தப் போக்குவரத்தெல்லாம் குறைந்துபோனது. கடைசியில் ஒட்டுக்கேட்கிற அளவுக்கு வந்து நிற்கிறது.

ஸல்ஹா பலகையில் ஒரு சொல்லை எழுதினாள்.

"இண்டைக்குப் புதுச் சொல். ஈவ்ஸ்ட்ரொப். வினைச்சொல். ஒட்டுக்கேக்கிறது."

பிள்ளைகள் எழுதினார்கள்.

"ஈவ்ஸ் எண்டா கூரையிட விளிம்பு. மழை பெஞ்சா அதிலயிருந்து தண்ணி சொட்டுமே, அந்தத் துண்டு நிலத்துக்குத்தான் பழைய இங்கிலிஷில இப்படியொரு பேர் இருந்திச்சு. பிறகு, அந்த இடத்தில வந்து நிண்டு வீட்டுக்குள்ள கதைக்கிறதைக் கேக்கிற ஆளுக்கும் அந்தப் பேர் வந்திட்டு. அதிலயிருந்துதான் இந்த வினைச்சொல்."

"அப்ப ஓவர்ஹியரும் இதுவும் ஒண்டா டீச்சர்?" என்று கேட்டாள் யசோதரா.

"இல்ல. ரோட்டால போகேக்க காதில தானா விழுந்தா அது ஓவர்ஹியர். அதில பிழையில்ல. இது வேணுமெண்டே வந்து நிண்டு கேக்கிறது." குரலை உயர்த்தினாள். "வசனம் எழுதுங்க. மை நெய்பர் ஈவ்ஸ்ட்ரொப்ஸ் ஒன் அஸ். நடுவில அந்த ஒன்-ஐ விட்டிராதீங்க. தமிழில என்ன? எங்கட பக்கத்து வீட்டுக்காரி எங்கட கதையை ஒட்டுக்கேக்கிறா."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

ஜன்னலடியில் செருப்புச் சத்தம். பிறகு, படலை சாத்துகிற சத்தம்.

அன்றைக்கு ஸல்ஹா நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் கத்தாரிலிருந்து நஸ்ரி போன் எடுத்தான்.

"ஸல்ஹா, கோவிக்காத. வேலை போன கதையை நான்தான் எங்கட தெரு பஹ்மி நானாட்டச் சொன்னனான். அந்த மனுசன் தேத்தண்ணிக் கடையில போய்க் கொட்டிட்டாராம்."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அப்படியென்றால் இரத்தினக்கா அங்கே எதற்கு நின்றா? வேறு என்னத்தைக் கேட்க?

அன்று பின்னேரம் ஜன்னலடியில் யாரும் இல்லை.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். உள்ளேயிருந்து வாப்பாவின் குரல் வெடித்தது.

"றுக்கியா!"

ஸல்ஹா திடுக்கிட்டாள். உம்மாவின் பெயர்.

வாப்பா சீனன்குடாவில் வேலை செய்த காலத்தில் வீட்டுக்கு வருகிற நேரம் அது. சைக்கிளைச் சுவரில் சாத்தும் முன்னமே இந்தக் கூப்பாடு வரும். குசினிக்குள் இருந்து உம்மா மறுகுரல் கொடுத்தால்தான் மனுசன் போட்டிருந்த சேர்ட்டையே கழற்றுவார். இப்போது கட்டிலோடு கிடக்கிறார். ஞாபகமெல்லாம் போய்விட்டது. ஆனாலும் வகுப்பு நேரத்தில் ஒரு தொந்தரவும் தரமாட்டார். அல்லாஹ் தன்மேல் வைத்த இரக்கம் என்றே ஸல்ஹா நினைத்திருந்தாள்.

"றுக்கியா! எங்க போயிட்டாய்?" கட்டில் சட்டத்தில் ஓங்கி ஓங்கி அடித்தார் வாப்பா.

ஸல்ஹா உள்ளே ஓடினாள். "வாப்பா, உம்மா மௌத்தாகிட்டா. மறந்திட்டீங்களா?"

சொல்லியிருக்கக் கூடாது. அந்தச் செய்தியை அப்போதுதான் கேட்டவர் போல வாப்பா அவளையே பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி விம்மத் தொடங்கினார்.

"பொய் சொல்லாத. றுக்கியா! றுக்கியா!"

விறாந்தையில் பிள்ளைகள் எழும்பி நின்றார்கள். ஸல்ஹாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

படலை திறந்தது. இரத்தினேஸ்வரி ஓட்டமும் நடையுமாக வருவதை ஸல்ஹா ஜன்னலால் கண்டாள். அவள் ஸல்ஹாவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வாப்பாவின் கண்ணில் படாமல் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, உம்மாவின் அதே இழுவையில், உம்மா வாப்பாவைக் கூப்பிடுகிற அதே விதமாக, விறாந்தைக்குக் கேளாதபடி மெல்லக் குரல் கொடுத்தாள்:

"நான் இஞ்ச குசினியிலதான் நிக்கிறன், ஸல்ஹாட வாப்பா. தேத்தண்ணி கொதிக்குது. சத்தம் போடாமக் கொஞ்சம் படுங்க, புள்ள படிச்சுக் குடுக்கிறாள்."