அட்டைக்குச் சேதமில்லை

சடகோபன் சார் வீட்டு அலமாரிக்குப் புதிதாகக் குடிவந்த கரப்பானுக்கு அகோரப் பசி. எதிரே பழைய வாரப்பத்திரிகைகள் அடுக்கடுக்காக இருந்தன. மேலே கிடந்த இதழின் அட்டையில் ஒரு பெண், மயிலுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தாள். கரப்பான் அவள் கொண்டையில் வாய்வைக்கப் போனது.

"அட்டைய மட்டும் தொடாதீங்க" என்றது அங்கேயே பிறந்து வளர்ந்த புத்தகப்பூச்சி. "உள்ள போய்ச் சாப்பிடுங்க. தொடர்கதை, தலையங்கம், எது வேணும்னாலும்."

"மாட்டிக்க மாட்டோமா?"

"அவர் இதுவரைக்கும் ஒண்ணையும் பிரிச்சதே இல்ல."

கரப்பானுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் பசி விடவில்லை. இரண்டுமாகச் சேர்ந்து, அட்டையை மட்டும் விட்டுவிட்டு, அந்த இதழை நடுவில் குத்தியிருந்த கம்பிப் பின் வரைக்கும் தின்று தீர்த்தன.

ஞாயிற்றுக்கிழமை சடகோபன் சார் ஒரு நண்பரோடு வந்து அலமாரியைத் திறந்தார். நேராக அதே இதழைத்தான் எடுத்தார். கரப்பான் மூலையில் இன்னும் ஒண்டிக்கொண்டது.

"உள்ள யார் கதை சார்?" என்று நண்பர் பிரிக்கப் போனார்.

சடகோபன் சார் பதறிப்போய்த் தடுத்தார். "பிரிச்சா அட்டை மடங்கிடும். சும்மா கையில வச்சுப் பாருங்க, எவ்வளவு லேசா இருக்கு. அந்தக் காலத்துப் பேப்பரே தனி சார்."

நண்பர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.