சத்தம் போடாத சங்கிலி

"திருடி! அவ திருடியேதான்டா!"

பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அக்கா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் மேஜை மேல் போட்டாள்.

நான் மெட்டல் டிடெக்டர் ரிப்பேர் செய்கிறவன். அக்கா இந்தப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம்.

"யாரைச் சொல்றே?"

"என் நாத்தனாரைத்தான். கல்யாணத்துக்குப் போட்டுக்கிறேன்னு இரவல் வாங்கிட்டுப் போனா. திருப்பிக் கொடுத்ததிலேருந்து நிறம் மங்கிக்கிட்டே வருது. தங்கத்தை அமுக்கிட்டு கவரிங்கைத் தந்துட்டா."

"அத்தான் என்ன சொல்றார்?"

"அவர் தங்கமான மனுஷன். 'தங்கச்சி ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிட்டா, மன்னிச்சு விட்டுடு. நகைக்கடைக்குக் கொண்டு போனா குடும்ப மானம்தான் போகும்'னு கெஞ்சுறார். இப்பக்கூட உள்ளே வர மனசில்லாம வாசல்லயே நிக்கிறார். உன் மெஷின் சொல்லட்டும். கவரிங்னு தெரிஞ்சா இனிமே அவ என் வீட்டுப் படி ஏறக்கூடாது!"

"அக்கா, இந்த மெஷின்..."

யார் காதில் விழுந்தது? தன் மோதிரத்தை எடுத்து, மெஷினின் கம்பிச்சுருளான காயில் மேல் வைத்தாள். மெஷின் வீலென்று கத்தியது. சங்கிலியை வைத்தாள். மூச்சுப் பேச்சு இல்லை.

"பாத்தியா! குட்டு வெளிப்பட்டுடுச்சா?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. என் கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி வைத்தேன். அதற்கும் சத்தமில்லை.

"அடேய், இது என் கையால வாங்கிக் கொடுத்ததாச்சே! சுத்தத் தங்கம்டா!"

"இப்ப இதைப் பாரு."

திரைச்சீலை மாட்டுகிற பித்தளை வளையம் ஒன்றை வைத்தேன். மெஷின் அலறியது. அக்கா திருதிருவென்று முழித்தாள்.

"காயில்ல கரண்டு விட்டு டக்குனு நிறுத்துறப்போ, மேல இருக்கிற உலோகத்துக்குள்ள ஒரு சுழல் மின்னோட்டம் கிளம்பும். மெஷின் ஒரு துளி நேரம் பொறுத்துத்தான் காது கொடுத்துக் கேட்கும். மோதிரம் முழு வட்டம். கரண்டு அதுல சுத்திக்கிட்டே இருக்கும், மெஷினுக்குக் கேட்கும். மெல்லிசுச் சங்கிலி அப்படியில்ல, கண்ணி கண்ணியா தனித்தனி. குட்டிக் குட்டியா சுத்தி உடனே அடங்கிடும். மெஷின் கேட்கிறப்போ ஒண்ணுமே இருக்காது."

"அப்போ கவரிங் இல்லையா?"

"தங்கமா பித்தளையான்னு இதுக்குத் தெரியவே தெரியாது. இதை நம்பி ஒருத்தியைத் திருடின்னு சொல்லாதே."

அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"ஐயையோ! நேத்து போன்ல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்டா. 'அண்ணி, என் புள்ளைங்க மேல சத்தியம், நான் எடுக்கல'ன்னு அழுதா. நான் பட்டுனு வச்சுட்டேன். உங்க அத்தான் பக்கத்துல நின்னு பார்த்துட்டுதான் இருந்தார்."

"முதல்ல அவங்களுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளு."

"அவர்கிட்டயும் சொல்றேன். தங்கச்சியை நினைச்சு எவ்வளவு நொந்து போயிருப்பார், பாவம்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"என்னங்க, நம்ம சங்கிலிக்கு மெஷின் சத்தமே போடலைங்க..."

மீதியைச் சொல்ல அத்தான் விடவில்லை. முகம் வெளுத்துப்போய்ப் பதறினார்.

"அதெப்படி? எந்த மெஷினாலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னுதானே அந்தக் கவரிங் கடைக்காரன் என்கிட்ட சத்தியம் பண்ணான்!"