முகூர்த்த நேரத்தில் முற்றுகை

மாமனாரின் தலையில் கலசத் தீர்த்தம் விழுந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை விஸ்வா மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

சண்டை போனுக்குள்ளேதான். ஆனால் அவன் பல்லைக் கடிப்பதும் வியர்ப்பதும் வெளியே எல்லாருக்கும் தெரிந்தது.

திருக்கடையூரில் அன்று பஞ்சாபகேசனுக்கு அறுபதாம் கல்யாணம். குடவாசல் பக்கம் ஹெட்மாஸ்டராக இருந்து அப்போதுதான் ரிடையரானவர். நனைந்த வேஷ்டியோடு, மனைவி மதுரத்தின் பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை எங்கே? அவர் கையாலயும் ஒரு கலசம் விடணுமே!" என்று வாத்தியார் குரல் கொடுத்தார்.

மாப்பிள்ளை வரவில்லை. மண்டபமே தூணைத் திரும்பிப் பார்த்தது.

"விடுங்கோ, அவரைத் தொந்தரவு பண்ணாதேங்கோ," என்றார் பஞ்சாபகேசன், முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தபடி. "என் சர்வீஸ்ல எத்தனை பசங்ககிட்ட போனைப் பறிமுதல் பண்ணிருப்பேன்! மாப்பிள்ளைகிட்ட பண்ண முடியுமோ?"

கூட்டம் சிரித்தது. அவருடைய தங்கை அனுராதா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். மகள் ஸ்ரீரஞ்சனிக்கு மானம் கப்பலேறியது.

'வீரபூமி' என்ற அந்த விளையாட்டு அவளுக்குப் புதிதில்லை. கல்யாணமான புதிதில் அதுதான் அவளுக்குச் சக்களத்தி. ஆபீசில் மேனேஜரைக் கண்டால் எச்சில் விழுங்குகிறவன், அதற்குள் போனால் சேனாபதி. எந்தெந்த ஊரிலிருந்தோ முகம் தெரியாத நாற்பது பேர் 'தலைவா, உத்தரவு' என்று காத்துக்கிடப்பார்கள். யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ஒரு வேளை கண் அசந்தால் போதும், வருஷக்கணக்கில் கட்டிய கோட்டையை எவனாவது பிடித்துக்கொண்டு போய்விடுவான். நல்ல நேரம், ராகு காலம், அடுப்பில் பால் பொங்குவது, எதுவும் அந்த ராஜ்யத்துக்குப் பொருட்டில்லை.

போன தீபாவளியன்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணித்தான் விஸ்வா அதை விட்டான். விட்டவன், அப்பாவின் விசேஷத்தன்றா மறுபடி ஆரம்பிக்க வேண்டும்?

விடுவிடென்று தூணுக்குப் பின்னால் போனாள்.

"விஸ்வா, என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினியே?"

"அஞ்சே நிமிஷம் ரஞ்சனி. வடக்கு வாசலை உடைச்சிண்டிருக்கான்."

"இங்க என் மானத்தையே உடைச்சிண்டிருக்கா! எல்லாரும் சிரிக்கறது காதுல விழலை?"

"விழறது."

"அப்பா சொன்னது?"

"அதுவும் விழுந்தது," என்றான், தலையைத் தூக்காமல். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும். காரணம் கேக்காதே."

"கேக்கலை. சாயங்காலம் நீ தனியாவே சென்னைக்குப் போ. நான் அப்பாவோட குடவாசல் போறேன். சொன்ன சொல்லுக்கு மதிப்புக் குடுக்கற மனுஷரோட இருந்துக்கறேன்."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அந்த நொடியில் போனைப் பிடுங்கி, ஆஃப் செய்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

விஸ்வா அவளைப் பார்க்கவில்லை. கலவரத்தோடு மணையைப் பார்த்தான். இப்போதாவது மாமனார் முன்னால் வெட்கம் வந்ததே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கெட்டிமேளம் கொட்டியது. பஞ்சாபகேசன் திருமாங்கல்யத்தை எடுத்தார். கண் என்னவோ தூண் பக்கமே இருந்தது.

"முதல் கல்யாணத்துலகூட உங்க கை இப்படி நடுங்கலையே!" என்று மதுரம் வெட்கப்பட்டாள்.

பிறகு நமஸ்காரம். வராமல் நின்றால் அதற்கும் ஒரு சிரிப்புக் கிளம்பும் என்பதால்தான் ஸ்ரீரஞ்சனி புருஷன் பக்கத்தில் போய் விழுந்தாள்.

பஞ்சாபகேசன் அட்சதையோடு குனிந்தார். வழக்கத்தைவிட ரொம்பவே குனிந்தார். மாப்பிள்ளையின் காதில் அவர் சொன்னது, பக்கத்தில் கிடந்த மகளுக்கும் கேட்டது.

"மாப்ளே, என் கோட்டை நிக்கறதோ?"

"போயிடுத்து மாமா. போன்ல சார்ஜ் தீர்ந்துடுத்து. என் தப்புதான்."

"அடப் பாவமே! ஏழாங்கிளாஸ் பையன்கிட்ட பறிச்ச போன்ல கத்துண்டு, ரெண்டு வருஷமா பார்த்துப் பார்த்துக் கட்டினது! முகூர்த்த நேரத்துல முற்றுகை வரதேன்னு உங்களை நம்பி ஒப்படைச்சா..."

"மெதுவா மாமா. மாமிக்குக் கேட்டுடப் போறது."

அட்சதை விஸ்வாவின் முதுகில் பட்டென்று விழுந்தது.

நிமிர்ந்தவரின் கண் கலங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த அனுராதா உருகிப்போனாள்.

"மாப்பிள்ளை காதுல என்ன அண்ணா ஆசீர்வாதம் பண்ணினே?"

பஞ்சாபகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'இனிமே அந்தச் சனியனைத் தொடாதேங்கோ'ன்னேன். நம்மாத்துல அந்தப் பழக்கம் கிடையாது, பாரு."

கூட்டம் பெருமையோடு தலையாட்டியது. விஸ்வாவும் சேர்ந்து தலையாட்டினான்.

ஸ்ரீரஞ்சனி எழுந்தாள். இடுப்பிலிருந்த போனை எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள். பிறகு அப்பாவுக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"ரொம்ப சரிப்பா. உங்க போனைக் குடுங்கோ, பறிமுதல்."