இடுப்பில் இரண்டு பெல்ட்

சுந்தர்ராஜின் இடுப்பில் இரண்டு பெல்ட்டுகள் இருந்தன. ஒன்று பேண்ட்டுக்கு. மற்றது சட்டைக்கு அடியில் வயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மூச்சு விடும்போதெல்லாம் விலாவில் குத்தியது.

ஷூ கம்பெனி கேட்டில் அவருக்கு முன்னால் இன்னும் பத்துப் பேர். கையிலிருந்த டிபன் கேரியர் தொடையில் பட்டுச் சுட்டது. வேறு கைக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் கையும் நடுங்கியது.

மனிதர் எப்போதும் இப்படித்தான். சர்ச்சில் போதகர் "பாவிகளே" என்று ஆரம்பித்தால் முதலில் தலை குனிவது இவர்தான் என்பது ஆம்பூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். இதே கேட்டில்தான் போன மாதம் கூட வேலை பார்த்த வேலு சாக்ஸுக்குள் ஷூ உள்பக்கம் வைக்கிற லைனிங் தோல் இரண்டு துண்டோடு மாட்டினான். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை.

எல்லாம் மகள் ரெனிட்டாவால் வந்தது. இன்ஜினீயரிங் கடைசி வருஷம். நாளைக்கு வேலூரில் ரோபோ போட்டி. மணலும் ஜல்லியும் கொட்டிய மேட்டில் ரோபோ ஏற வேண்டுமாம்.

சக்கரம் வைத்தால் மணலில் புதைகிறது என்று, மிலிட்டரி டாங்கி போலப் பக்கத்துக்கு ஒரு பட்டையில் ஓடுகிற மாதிரி வரைந்தாள். ராணிப்பேட்டை பழைய இரும்புக் கடையிலிருந்து கார் வைப்பர் மோட்டார் இரண்டு வந்தது. சைக்கிள் டியூப் பட்டை பாதி மேட்டிலேயே கழன்றது. ரெக்சின் பட்டை கிழிந்தது. "டாங்கி எப்போ சண்டைக்குப் போவுது?" என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை.

"தோல்ல பண்ணலாமாப்பா?" என்றாள்.

"வயித்துப் பக்கத் தோல் வேணாம்மா, இழுத்தா நீண்டுடும். முதுகுத் தோல்தான் நிக்கும்." இருபத்தாறு வருஷத் தொழில் பேசியது. தைரியமாக அவர் பேசி நாங்கள் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

முதுகுத் தோலில் நீளமாக வெட்டி, மேலே வரிசையாக ஷூ ஹீல் ரப்பர் துண்டுகளைப் பல் மாதிரி ஒட்டினார்கள். ரோபோ ஜம்மென்று ஏறியது. ஆனால் ஒரு பட்டையின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் போட்ட கைத்தையல், நேற்று சாயந்திரம் பட்டென்று விட்டுவிட்டது. அவ்வளவு தடிமனில் ஊசி இறங்குகிற மிஷின் கம்பெனியில்தான் உண்டு. அதில் சொந்த வேலை பார்த்தது தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நகருண்ணே, வேர் விட்டுட்டியா?" பின்னாலிருந்து அம்பிகா தள்ளினாள். ஒன்பது, எட்டு, ஏழு... கடைசியில் வாட்ச்மேன் பச்சையப்பன்.

"இன்னாண்ணே, குச்சி முழுங்கினா மாதிரி நடக்கறே?" சிரித்துக்கொண்டே இடுப்பில் தட்டினான். தட்டிய கை அங்கேயே நின்றது. "இன்னாது இது, கட்டை கட்டையா?"

"வாயுப் பிடிப்புப்பா. டாக்டரு பெல்ட் போடச் சொன்னாரு."

"எந்த டாக்டரு கட்டை வெச்ச பெல்ட் குடுக்கறாரு?"

சட்டை மேலே போனது. வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. சுந்தர்ராஜ் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"பச்சை, பைபிள் மேல சத்தியமா இது கம்பெனித் தோல் இல்லப்பா. குர்ஷித் பாய் கடைல வாங்கினது. நாளைக்குப் பொண்ணுக்குப் போட்டி..."

"மாட்டறவங்க எல்லாம் இதான் சொல்றாங்க. வேலு இன்னா சொன்னான்?"

"ஐயோ பாவம், இருபத்தாறு வருஷ சர்வீஸு," என்று அம்பிகா அப்போதே துக்கம் கொண்டாட ஆரம்பித்துவிட்டாள்.

பச்சையப்பன் பட்டையின் முனையை இழுத்துப் பார்த்தான். பிய்ந்த நூல் தொங்கியது. அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு அவனே சட்டையை இறக்கிவிட்டு, காதருகே குனிந்தான்.

"உள்ள கொண்டு போறதுக்கே இப்பிடி நடுங்கறியே, சாயந்திரம் இதை வெளிய எப்பிடிண்ணே கொண்டு வருவே?"