வாங்க தாயி

"இன்னைக்கும் ஒருத்தரும் பேசலைன்னா, இனி இந்தக் கோயில் பக்கம் வர மாட்டேன்" என்று வழியிலேயே கணவனிடம் சொல்லிவிட்டாள் பிரகாசி. சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து மாதா கோயிலின் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறாள். இதுவரை யாரும் அவள் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அன்று கோயில் வாசலில் ஓர் அம்மாள் நின்றிருந்தாள்.

"வாங்க தாயி, என் பேரு சவரியம்மா. உங்க பேரு என்ன?"

பிரகாசி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பெயரைச் சொன்னாள்.

"பூசையில எம்பக்கத்துல உக்காருங்க, என்ன?"

பின்னால் வந்தவர்களையும் சவரியம்மாள் விடவில்லை. பல வருடமாக அங்கே மணியடித்து ஜெபம் சொல்லும் உபதேசியாரையே, "வாங்க அண்ணாச்சி, உள்ள இடம் இருக்கு" என்றாள். அவர் திகைத்துப்போய்க் கும்பிட்டார்.

பூசை முடிந்ததும் பிரகாசி கேட்டாள். "நீங்க இந்தக் கோயிலுக்கு ரொம்ப வருசமா வர்றீங்களோ?"

"இல்ல தாயி. நேத்துத்தான் பெட்டி படுக்கையோட வந்து எறங்குனோம். இந்தக் கோயிலை இன்னைக்குத்தான் பாக்கேன்."

"அப்புறம் எப்படி வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னீங்க?" என்றாள் பிரகாசி.

"முன்னால இருந்த ஊர்ல, யாராவது வாங்கன்னு சொல்லுவாகன்னு வருசக்கணக்கா காத்துக் கெடந்தேன். ஒருத்தரும் சொல்லல. இங்கன காத்துக் கெடக்கக் கூடாதுன்னு ரயில்லயே முடிவு பண்ணிட்டேன்."

அடுத்த ஞாயிறு, வாசலில் தானும் நிற்பதென்று பிரகாசி சீக்கிரமே கிளம்பினாள். அங்கே அவளுக்கு முன்பே ஒருவர் நின்றிருந்தார்.

"வாங்கம்மா" என்றார் உபதேசியார். "உங்க பேரு என்ன?"