இசக்கி பின்னிய சடை

முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது இசக்கிதான். காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

இவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்புறம் தண்ணீர்த் தொட்டிப் படி. பிரேயர் மணிக்கு இன்னும் பத்து நிமிடம். இவள் மடியில் ஒரு சீப்பு, இரண்டு பச்சை ரிப்பன். தலை விரிந்து கிடந்தது. இரட்டைச் சடை மடித்துக் கட்டாமல் போனால் பி.டி. டீச்சர் எல்லார் முன்னாலும் நிறுத்திவைப்பார்.

நாற்பது நாள் கழித்து இசக்கி இன்றுதான் பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள். இந்தப் படிக்கு வருவாளோ மாட்டாளோ என்று விடிந்ததிலிருந்து இவளுக்கு அதே நினைப்பு.

வந்துவிட்டாள்.

இசக்கி சீப்பை எடுத்து, வகிடு எடுத்தாள்.

போன வருஷம் மனநலப் பிரிவின் வராந்தாவில், இதே யூனிஃபார்மில் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, இருவரும் ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஒரே தூண். அங்கே சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள்.

அதற்குப் பிறகு எல்லா வியாழக்கிழமையும் ஒன்றாகத்தான் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை டாக்டர் பார்ப்பது வியாழக்கிழமைதான்.

இவள் நோய் கீழே மட்டும் இழுக்கும். இசக்கியுடையது மேலேயும் தூக்கும், கீழேயும் போடும். கீழே கிடக்கிற நாளில் தலைவாரக் கை எழும்பாது. அன்றைக்கு யாருக்குக் கை எழும்புகிறதோ அவள் மற்றவளுக்குப் பின்னிவிட வேண்டும். இரண்டு பேருக்கும் எழும்புகிற நாளில் மாறி மாறி. இரண்டு பேருக்கும் எழும்பாத நாளில் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம்.

அது போக ஒரே ஒரு சட்டம் இருந்தது. வீட்டிலும் வகுப்பிலும் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியை இவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது.

மாத்திரை போட்டியா?

இவள் கேட்கவில்லை. இசக்கியின் காம்பஸ் டப்பாவுக்குள் மாத்திரைகள் முழுசாகக் கிடந்ததைப் பார்த்த அன்றும் கேட்கவில்லை. இசக்கி தூங்காமல், சாப்பிடாமல், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு அவ்வளவு அழகாக இருந்தாள். அந்தச் சிரிப்பைப் போகச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

அப்புறம் ஒருநாள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி, இரண்டு கையையும் விரித்து நடந்து காட்டினாள். நான் விழவே மாட்டேன் என்றாள்.

அன்று சாயங்காலம் இவள் இசக்கியின் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நான்கு பேர் பிடித்துக்கொண்டார்களாம். இசக்கி போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டதாம்.

வலப்பக்கச் சடை முடிந்தது. இடப்பக்கம் தொடங்கியது.

முன்பெல்லாம் பூப்போலப் பின்னுவாள். இன்று ஒவ்வொரு பின்னலையும் வெடுக்வெடுக்கென்று இழுத்தாள். இவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வலியில்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

நீ விழுந்துவிடுவாயோ என்று பயந்துவிட்டேன். நாற்பது நாளும் இதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது மடியில் மிச்சமிருந்த ரிப்பனை மட்டும் எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

ரிப்பனைச் சுற்றி இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டாள் இசக்கி.

இவள் எழுந்து, கையை நீட்டிச் சீப்பைக் கேட்டபடி திரும்பினாள். இனி இவள் முறை.

இசக்கியின் தலைமுடி காதோடு நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் சிக்கு விழுந்து வெட்டிவிட்டார்கள் போல. பின்னிவிட அங்கே சடையே இல்லை.

"நாளையிலேருந்து உங்க அம்மாட்ட பின்னிட்டு வா" என்றாள் இசக்கி.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். சீப்பைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை இவள் சடையை அவிழ்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு கூப்பிட்டாள். தலைக்குக் குளிக்க மாட்டேன் என்றாள். திங்கட்கிழமை அதே சடையோடு பள்ளிக்கூடம் போனாள். முடி பிசிறு பிசிறாக வெளியே வந்திருந்தது. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது.

அங்கே இசக்கி வேறு பெஞ்சுக்கு மாறியிருந்தாள்.

சாயங்காலம் அம்மா இவள் தலையைப் பார்த்தாள். தொடாமல் வைத்திருந்த சோற்றைப் பார்த்தாள். போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள்.

"ஏ பிள்ள, மாத்திரை போட்டியா?"

போட்டிருந்தாள். ஒருவேளைகூட விடவில்லை.

அப்புறம் ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டாள். மாத்திரை எதுவும் சாப்பிடாத பிள்ளைகளும் இதற்கு அழத்தான் செய்வார்கள். அதைச் சொன்னால் அம்மா நம்பமாட்டாள். இவளுடைய எல்லா அழுகையும் அந்த ஒரே மருந்துச் சீட்டில் எழுதப்பட்டாகிவிட்டது.

நாளைக்குக் காலையிலேயே டாக்டரிடம் போய்விடுவோம் என்று அம்மா பையை எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

இவள் இடப்பக்க ரிப்பன் முடிச்சைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வியாழக்கிழமையே போவோம்மா."